ஒராளுக்கு மட்டும் கோப்பி

எங்கள் வீட்டில் கோப்பி மிசின் வாங்கிய கதையை என் கணவர் சொன்னால் அது ஓர் ஆராய்ச்சி. நான் சொன்னால் அது ஒரு சண்டை. அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எங்கள் ஊரான கொக்குவிலில் பாதிப் பேருக்கு அவருடைய பக்கம் தெரிந்துவிட்டது. ஆகவே என் பக்கத்தையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

தொடக்கம் மெல்பேர்னில். இரண்டு வருடங்களுக்கு முன் பள்ளிக்கூட விடுமுறையில் மகளிடம் போய் ஒரு மாதம் நின்றேன். நான் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. விடுமுறையை விட்டால் எனக்கு வேறு நாளில்லை. மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். போகுமுன் மகள் குசினியில் இருந்த ஒரு சின்ன மிசினைக் காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம் மாதிரி ஒன்று, அதற்குப் பெயர் கப்சூல், அதற்குள் கோப்பித்தூள் அடைத்து மூடியிருக்கும். அதை உள்ளே போட்டு மூடி, பொத்தானை அழுத்தினால் ஒரு கோப்பை கோப்பி வரும். ஒன்றே ஒன்றுதான் வரும்.

அவர்கள் போன பிறகு நான் ஒரு கோப்பை போட்டேன். கதிரையை யன்னலடியில் இழுத்துப் போட்டு இருந்தேன். குடித்தேன். எங்கள் ஊர்க் கோப்பியில் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் வறுத்துப் போட்டிருக்கும் வாசம் இதில் இல்லை, கசப்பும் அதிகம். ஆனாலும் இதில் ஏதோ ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. பாதிக் கோப்பை முடியுமட்டும் அது என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது, கோப்பி சுடச்சுட இருந்தது.

சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டு விடியற்காலையைச் சொன்னால் விளங்கும். நான் ஐந்து மணிக்கு எழும்பிக் கேத்திலை அடுப்பில் வைப்பேன். தூளில் கொதிதண்ணீர் ஊற்றி, அடையவிட்டு, முதல் கோப்பை விறாந்தையில் பேப்பருடன் இருக்கிற என் கணவருக்குப் போகும். இரண்டாவது மச்சாளுக்கு. மச்சாள் என்பது என் கணவரின் அக்கா. ஒரே வளவைப் பிரித்து இரண்டு வீடு கட்டியிருக்கிறார்கள், நடுவில் வேலி, வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு. தன் முற்றத்தைக் கூட்டி முடித்தவுடன் அந்தப் பொட்டால் புகுந்து என் குசினிக் கதிரைக்கு வந்துவிடுவார். அவருக்குச் சீனி குறைவு. அதற்கிடையில் விறாந்தையிலிருந்து இன்னும் கொஞ்சம் சீனி வேண்டுமென்று குரல் வரும். தேங்காய் பிடுங்க வந்தவர், கரண்ட் கம்பியில் முட்டுகிற கொப்பை வெட்ட வந்தவர் என்று யாராவது படலையைத் திறப்பார். அவருக்கும் ஒன்று. என்னுடையது குசினிக் கட்டின் மேல் ஒரு பீரிசுத் தட்டால் மூடியபடி இருக்கும். சோறு கட்டி, சேலை உடுத்து, பையைத் தூக்குகிற நேரத்தில் அதை எடுத்து, நின்றபடி இரண்டு மிடறில் குடித்துவிட்டு ஓடுவேன். கோப்பி என்றால் பச்சைத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் குடித்திருக்கிறேன்.

இதில் எவர் மேலும் குற்றமில்லை. எங்களில் ஒராளுக்கென்று கேத்தில் வைக்கிற வழக்கமில்லை. தண்ணீர் கொதித்தால் காது கேட்கிற தூரத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஊற்ற வேண்டும். தனக்கு மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் இருந்து குடிக்கக் கூடாதென்று எவரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் அப்படிச் செய்த ஒரு பெண்ணையும் நான் கண்டதில்லை. அந்த மிசினைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆசை அதுதான். விடியற்காலையில் ஒரு கோப்பை கோப்பியை எனக்கென்று போட்டு, ஆறுமுன் இருந்து குடிக்க வேண்டும். மிசின் ஒன்றுதான் போடும் என்றால் எவரும் கோபிக்க முடியாது, பழி மிசின் மேல் போய்விடும். இதுதான் என் திட்டம்.

ஊருக்கு வந்து, ஒரு கோப்பி மிசின் வேண்டும் என்றேன். கேத்திலுக்கு என்ன குறை என்று கணவர் கேட்டார். உள்ளதைச் சொன்னால் அது அவருடைய அக்காவைப் பற்றிய முறைப்பாடாகிவிடும். ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆசைக்கு அவர் காரணம் கேட்கமாட்டார். ஆனால் அளவு கேட்பார். மனுஷன் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அளக்காத எதையும் நம்பமாட்டார்.

அன்று பின்னேரமே எழுதுகிற கொப்பி ஒன்றில் கட்டம் கீறத் தொடங்கினார். ஆறு கிழமைகள் அந்தக் கொப்பியோடு கிடந்தார். மிசின்களில் மூன்று சாதி என்று கண்டுபிடித்தார். ஒன்று என் கப்சூல் சாதி. இரண்டாவது, பிடி வைத்த கரண்டியில் தூளைப் போட்டு அமத்திச் செருகுகிற சாதி. அதில் பால் நுரைக்க ஒரு ஆவிக் குழாயும், அமுக்கத்தைக் காட்ட ஒரு முள்ளும் உண்டு. மூன்றாவது, கோப்பிக் கொட்டையைத் தானே அரைத்துத் தானே வடிக்கிற சாதி. அது குசினிக் கட்டின் மேல் கொள்ளாது என்று நாடாவால் அளந்து பார்த்துத் தள்ளிவிட்டார். இரவு பகலாகக் கைப்பேசியில் காணொளி பார்த்தார். வாழ்நாளில் ஒரு மிடறு எஸ்பிரெசோ குடிக்காத மனுஷன், அந்தச் சொல்லைக் கோயிலில் சாமி பெயர் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய மனம் முழுக்க அந்த முள்ளில் கிடந்தது. அளவு காட்டுகிற எதையும் விட்டுவர அவரால் ஏலாது. அதோடு அந்தச் சாதியில் இரண்டு வாய் இருக்கிறதாம், ஒரே நேரத்தில் இரண்டு கோப்பை பிடிக்கலாமாம். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அதுதானே பொருத்தம் என்றார். அந்த இரண்டாவது வாயைப் பற்றிக் கேட்டதுமே நான் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு வாய் என்றால் இரண்டு கோப்பை, இரண்டு கோப்பை என்றால் ஒன்று அவருக்கு, மற்றது வேலிப் பொட்டால் வருகிறவருக்கு. என்னுடையது திரும்பவும் பீரிசுக்குக் கீழே போய்விடும்.

மச்சாளும் தன் கருத்தைச் சொன்னார். தூளையும் சுடுதண்ணியையும் கலக்கிறதுக்கு ஒரு மிசினோ என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அவருடைய மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் வயது மனுஷன், பொறுமைசாலி. கணவர் கொப்பியை விரித்து அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார், அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். பிறகு அவர் தன் பங்குக்கு, வீட்டுத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் கிணறு ஒழுங்கையிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு, ஒரு காலத்தில் அயலவர்கள் குடத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், அந்தத் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று கொஞ்சம் உரத்தே சொன்னார். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதா என்று மெதுவாகக் கேட்டார். கணவர் கொப்பியைப் புரட்டினார். படிகிறது, சுரண்டி எடுத்தால் மதிலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். சுண்ணாம்புத் தண்ணீர் மிசினின் குழாயை அடைத்துவிடும், வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். அந்த அவமானத்தை என் கணவர் இன்னமும் மறக்கவில்லை.

முள் வைத்த மிசினையும் கப்சூல் மிசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"வீட்டிலை எத்தினை பேர் அக்கா கோப்பி குடிக்கிறனீங்கள்?"

"ஒராள்," என்றேன்.

கணவர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கப்சூல் மிசினைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டத் தொடங்கினார். பல வருடம் தம்பதிகளுக்குச் சாமான் விற்ற மனுஷனாக இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. புகையிரதக் கடவை மூடியிருந்ததால் நின்றோம். திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்.

"நானும் அந்த வீட்டிலைதான் இருக்கிறன்."

"உங்களுக்குக் கேத்தில் இருக்கு," என்றேன் நான். கடவை திறந்ததும் அவர் மோட்டார் சைக்கிளை ஒரு உதறலோடு எடுத்தார்.

ஆனால் அவருடைய கோபத்துக்கு ஆயுள் குறைவு. பின்னேரமே பெட்டியை உடைத்து, அதோடு வந்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, மிசினைக் குசினியில் அல்ல, ஹோலில், சோகேசின் மேல், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அங்குள்ள பிளக்தான் பாதுகாப்பானதாம். எனக்கு உண்மை தெரியும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும். பதினொரு மிசினை ஒப்பிட்டுப் பார்த்துத் தான் தெரிவுசெய்ததாக எல்லாருக்கும் சொன்னார். கடையில் நான் சொன்ன அந்த ஒரு சொல் அவருடைய கதையில் வரவே இல்லை.

முதல் நாள் காலையில் நான் என் கோப்பையை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மிசின் உறுமத் தொடங்க, வேலிப் பொட்டால் மச்சாள் வந்துவிட்டார். கோப்பி சொட்டுச் சொட்டாக விழுவதைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். குடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒரு பதில்தான் உண்டு. கொடுத்தேன். குடித்துவிட்டு, நாளைக்கும் வருவதாகச் சொன்னார். கணவரும் தெரிவுசெய்தவர் என்ற உரிமையில் ஒன்று கேட்டார், பிறகு ருசி சரியாகப் பிடிபடவில்லை என்று இன்னொன்று கேட்டார். ஒரு கிழமைக்குள் பழைய விடியற்காலை அப்படியே திரும்பி வந்துவிட்டது. முன்பு குசினியில் நின்று ஊற்றினேன், இப்போது குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து நடந்து ஊற்றினேன். கேத்தில் ஒரே தரத்தில் நாலு பேருக்குத் தரும். இது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தரம் என்னை நிற்கவைத்தது. என் கோப்பையும் பீரிசும் பழைய இடத்திலேயே இருந்தன. ஒரு மிசின் வாங்கி எனக்கு வேலையைக் கூட்டிக்கொண்ட கெட்டித்தனத்தை நினைத்து நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கலியாணம் சொல்ல ஏழு பேர் வந்தார்கள். எங்களில் கலியாணத்துக்கு அழைப்பிதழ்க் காட் மட்டும் அனுப்பினால் போதாது. உற்றார் வீடு வீடாக நேரில் வந்து சொல்ல வேண்டும், வந்தவர்கள் எதையாவது குடிக்காமல் போகக் கூடாது. வழக்கமாக ஒரு கேத்திலில் காரியம் முடியும். அன்றைக்கு என் கணவர் எழும்பி நின்று, எங்களுடைய மிசின் கோப்பியைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார்.

ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் கோப்பையை மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். எல்லாருக்கும் வராமல் முதலாவது ஆள் எப்படிக் குடிப்பது? இரண்டாவது ஆளும் வாங்கி வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது கப்சூல், நாலாவது கப்சூல். மிசின் அவசரமில்லாமல் தன்பாட்டில் உறுமியது. கலியாண மண்டபம், சமையல்காரர், மழை வருமா வராதா என்று எல்லாக் கதையும் முடிந்துவிட்டது. ஐந்தாவது வந்தபோது பெரியப்பாவின் கோப்பை ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது, ஆனாலும் மனுஷன் மரியாதையாக அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இப்படியே விட்டால் கலியாணமே முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி எல்லாக் கோப்பைகளையும் தட்டத்தில் திருப்பி வாங்கினேன். மிச்ச இரண்டையும் போட்டு எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், ஏழு கோப்பையையும் பால் காய்ச்சுகிற சட்டியில் ஊற்றினேன். பால்மாவும் சீனியும் போட்டு அடுப்பில் கொதிக்கவைத்து, நல்லாக ஆற்றி, ஏழு கிளாசில் நுரையோடு ஊற்றிக் கொண்டுவந்து ஒரே தரத்தில் நீட்டினேன். எல்லாரும் சேர்ந்து குடித்தார்கள். மிசின் கோப்பி என்றால் மிசின் கோப்பிதான் என்று பெரியப்பா சொன்னார். என் கணவர் பெருமை தாங்காமல் கதிரையில் நெளிந்தார். அந்த மிசினைக் கண்டுபிடித்தவர்கள் என் குசினியை அன்றைக்குப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள்.

அவர்கள் போன பிறகு கப்சூல் பெட்டியைப் பார்த்தேன். ஒன்பது மிச்சம். அடுத்த பெட்டி கொழும்பிலிருந்து பார்சலில் வர வேண்டும், எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை மச்சாளுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று போட்டேன். மச்சாள் குடித்துவிட்டுப் போனார். எனக்கென்று ஒன்றைப் போட்டு எடுக்கிற நேரம், விறாந்தையிலிருந்து இரண்டாவது கோப்பைக்குக் குரல் வந்தது. கையில் இருந்ததையே கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் பாதி பேப்பரில் சிந்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முப்பத்தொரு வருசமா நான் ஒரு நாளும் இந்த வீட்டிலை சுடச்சுடக் கோப்பி குடிக்கேல்லை. அதுக்குத்தான் இந்த மிசின் கேட்டனான்."

அவர் பேப்பரைத் துடைக்கவும் மறந்து என்னைப் பார்த்தபடி இருந்தார்.

"உமக்கு ஆறின கோப்பிதான் பிடிக்குமெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்," என்றார்.

பொய் சொல்லவில்லை, அவருடைய முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. ஊரில் உள்ள காணியெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனுஷன். நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க மனம் சரியில்லை. அப்படிக் கொட்டியிருக்கக் கூடாது என்று ஒரு பாட நேரம் நினைத்தேன், முப்பது வருடத்துக்கு முன்பே கொட்டியிருக்க வேண்டும் என்று அடுத்த பாட நேரம் நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் எழும்பி ஹோலுக்கு வந்தால் சோகேசின் மேல் மகளின் படம் மட்டும் இருந்தது. மிசின் இல்லை. குசினிக்குள் போனேன். அரிசி வாளிக்குப் பின்னால், அவர் உடுத்துக் கழித்த ஒரு பழைய சாரத்தால் மூடியபடி இருந்தது. என்ன ஏதென்று கேட்க வாயெடுக்குமுன் மச்சாள் வந்து, நேரே ஹோலுக்குள் போகிற சத்தம் கேட்டது.

"எங்கை தம்பி மிசின்?"

"அது பழுதாப் போச்சுதக்கா," என்றார் என் கணவர். "வாங்கேக்கை நான்தான் வடிவாப் பாக்கேல்லை."

நான் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மச்சாள் தொடங்கினார். தம்பி சின்ன வயதில் வாங்கி வந்த மணியில்லாத சைக்கிளிலிருந்து, சுருங்காத குடை, ஓடாத மணிக்கூடு என்று ஒன்றும் விடாமல் வந்தார். நீ வாங்குகிற சாமான் என்றைக்கு உருப்படியாக இருந்தது என்று கேட்டார். ஆறு கிழமை கொப்பியும் கையுமாக இருந்து இந்தத் தகரத்தையா தெரிவுசெய்தாய் என்று கேட்டார். வேறு எவராவது அந்தத் தெரிவில் ஒரு பிழை சொல்லியிருந்தால் என் கணவர் கொப்பியை விரித்து மத்தியானம் வரை வாதாடியிருப்பார். அன்றைக்கு, சோகேசைப் பார்த்தபடி, ஓம் அக்கா, ஓம் அக்கா என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நான் கேத்திலை வைத்து இரண்டு பேருக்கும் கோப்பி ஊற்றிக் கொண்டுபோனேன். மச்சாள் என்னைப் பார்த்து, பாவம், நீர் ஆசைப்பட்டுக் கேட்ட சாமான் என்றார். எனக்கு மச்சாள் மேல் பாசம் பொங்கியது. ஆனாலும் வாய் தானாகச் சொல்லியது.

"ஓம் மச்சாள். என்ன செய்யிறது."

கணவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

பொய் சொல்லியாகிவிட்டது. ஆனால் பழுதான மிசின் உறுமக் கூடாதே. எங்கள் குசினிக்கும் வேலிக்கும் பத்தடி இல்லை, விடியற்காலை அமைதியில் ஒரு கரண்டி விழுந்தால் மச்சாளுக்குக் கேட்கும். மறுநாள் ஐந்து மணிக்கு நான் சாரத்தை எடுத்துவிட்டு, கப்சூலைப் போட்டு, பொத்தானில் விரலை வைத்தபடி யோசித்துக்கொண்டு நின்றேன். கணவர் குசினிக்குள் வந்தார். மிசினைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டார். அது போட்ட இரைச்சலில் நான் பொத்தானை அழுத்தினேன்.

கொழும்புப் பார்சலும் வந்துவிட்டது, இப்போது தினமும் அப்படித்தான். தொட்டி நிரம்பி வாழைகளுக்குள் வழிந்தோடுகிறது. ஒரு நாள், விடியலில் என்ன இவ்வளவு நேரம் மோட்டர் ஓடுகிறதென்று மச்சாள் வேலியால் கேட்டார். தண்ணீர் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று இவர் சொல்ல, அதுவும் நீ வாங்கினதுதானே என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதையும் இவர் வாங்கிக்கொண்டார்.

நான் குசினிக் கதிரையில் இருந்து குடிக்கிறேன். யன்னலால் பார்த்தால் அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி மங்கலான வெளிச்சத்தில் நிற்பது தெரியும். நான் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் மோட்டரை நிற்பாட்டுகிறார்.